மண்ணின் நஞ்சை நீக்கும் நெற்பயிர்



விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கே பயிரிடுகிறோம். ஆனால், ஒரு மணி நெல்லையும் வீட்டுக்குக் கொண்டுவராமல், வைக்கோலையும் மாட்டுக்குப் போடாமல், அத்தனையையும் எரித்துவிடுவதற்கென்றே நெல் பயிரிட்டவர்களும் உண்டு. அவர்கள் ஜப்பான் நாட்டினர். அவ்வாறு செய்ய நேர்ந்தது ஏன் என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அந்நாட்டின் டோயாமா மாவட்டத்தில் ஜின்சு என்னும் ஆறு பாய்கிறது. ஆற்றின் மேற்பகுதியில், காமியோகா என்னுமிடத்தில் துத்தநாகச் சுரங்கம் ஒன்று இருந்தது. அதன் கழிவிலிருந்த காட்மியம் என்னும் உலோகம் ஆற்றில் கலந்தது. பாசன நீரோடு வயலுக்குள் புகுந்தது. வயலிலிருந்து சோற்றுக்கு வந்தது. பல்லாண்டுகள் அச்சோற்றை உண்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது. எலும்புகள் வலுவிழந்து, இருமினாலும் முறியும் நிலை வந்தது. பிள்ளை பெற்ற நடுவயதுப் பெண்களே மிகுதியும் வருந்தினர். “இதாய், இதாய்” என்றால் அவர்கள் மொழியில் “வலிக்கிறது, வலிக்கிறது” என்று பொருள். அந்த அலறலே நோய்க்குப் பெயராக நின்றுவிட்டது. 1968-ஆம் ஆண்டில் ஜப்பான் அரசு அதனை மாசினால் விளைந்த நோய் என்று ஒப்புக்கொண்டது.

கெட்டுப்போன வயல்களின் மேல்மண்ணைக் கீழே புதைத்து, வேறிடத்திலிருந்து நல்ல மண்ணைக் கொணர்ந்து மேலே பரப்பினர். 1979-இல் தொடங்கிய அப்பணி 2012-இல்தான் முடிவுற்றது. திருத்தப்பட்ட நிலமோ 860 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்டதே. ஒரு வயலுக்கு நல்ல மண் வேண்டுமானால் வேறொரு குன்றை வெட்டியாக வேண்டும் அல்லவா? ஆகவே, காட்மியம் படிந்த பிற வயல்களுக்கு அறிஞர்கள் மற்றொரு வழி தேடினர். பயிரையே அவ்வேலைக்கு அமர்த்தினர்.

சாதாரண நெற்பயிர், தான் உறிஞ்சும் காட்மியத்தில் பெரும்பகுதியை வேரிலேயே பூட்டி வைத்துக்கொள்ளும். சில நெல் வகைகளில் இந்தப் பூட்டு வேலை செய்வதில்லை; உலோகம் தண்டுக்கும் இலைக்கும் ஏறிவிடுகிறது. ‘சோகோகோகு’ என்பது அத்தகைய வகை. உண்பதற்கு உதவாத அக்குறையே இங்கு குணமாயிற்று.

நீர் பாய்ச்சும் முறையும் தலைகீழானது. நீர் நின்ற மண்ணில் காற்றுக் குறைவதால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். அதனால் உணவு நெல் பயிரிடும் ஜப்பானிய உழவர்கள், கதிர் வரும் பருவத்திற்கு முன்னும் பின்னும் மும்மூன்று வாரங்கள் நீர் கட்டுவர். நஞ்செடுக்கும் பயிருக்கோ நீரை வடித்து வயலைக் காயவிட வேண்டும். காற்றுப் பட்டால்தான் உலோகம் கரைந்து வேருக்கு எட்டும். பயிர் நிற்கும் வயலை இப்படிக் காயப்போட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள்!

2009-இல் வெளியான ஆய்வின்படி, இரண்டு ஆண்டுகள் இவ்வாறு பயிரிட்டதில் மண்ணின் காட்மியம் 38 சதவீதம் குறைந்தது. பின்னர் அவ்வயலில் விளைந்த உணவு நெல்லில் 47 சதவீதம் குறைவு காணப்பட்டது. முழுதும் நீங்கவில்லை என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. ஜப்பானில் அரிசிக்கு உரிய வரம்பு 2011-இல் கிலோவுக்கு 1.0 மில்லிகிராமிலிருந்து 0.4 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. சற்றே கெட்ட நிலத்தை அவ்வரம்புக்குள் கொணர இம்முறை உதவும். மிகவும் கெட்ட நிலத்திற்கு மண் மாற்றமே வழி.

எல்லா உலோகத்திற்கும் இதே முறை பலிக்காது. நம் மாநிலத்தில் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்பகுதிகளின் தொல்லையை யாவரும் அறிவர். 1996-இல் உச்சநீதிமன்றமே அது குறித்துத் தீர்ப்பளித்தது. அங்குள்ள குரோமியம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். தண்டுக்கு ஏறுவது அற்பமே. அறுவடை செய்து அகற்றுவது எப்படி?

“இரண்டு ஆண்டுகள் வருவாயில்லாமல் உழவன் என்ன செய்வான்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாசு செய்த தொழிலகமும் சீர்செய்யும் செலவில் பங்கேற்க வேண்டும் என்று ஜப்பானில் 1970-இல் சட்டம் இயற்றினர். அதற்கு முன் அச்செலவை எலும்பு முறிந்த அப்பெண்களும் அவர்கள் வீட்டாருமே தாங்கினர்.