எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் விரல் நிமிரவில்லை



நம்ம சேர்வராயன் மலையில் கையில் அடிபடுவது ரொம்ப சாதாரணம். காப்பித் தோட்டத்தில் நிழலுக்காக நிற்கிற சில்வர் ஓக் மரத்தைக் கவாத்து செய்யும்போது கிளை முன்கையில் விழும். மிளகு பறிக்கிற ஏணி சரியும். கொண்டை ஊசி வளைவில் பைக் சறுக்கி, கை அடியில் மாட்டிக்கொள்ளும். தோல் கிழியாது, ரத்தம் வராது, வெறும் வீக்கம்தான். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நன்றாக இருக்கும். "ஒண்ணுமில்லப்பா" என்று எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

ஒரு மாதம், இரண்டு மாதம் போகும். வீக்கம் வற்றியிருக்கும். ஆனால் நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கியே நிற்கும். காப்பிப் பழம் பறிக்க முடியாது, கூடையைப் பிடிக்க முடியாது. கூலி போச்சு. அப்போது எல்லாரும் செய்வது விரலைப் பிடித்து இழுப்பதுதான். தைலம் போட்டு நீவுவார்கள், சுளுக்கு எடுப்பார்கள். கோளாறு விரலில் இருந்தால்தானே அதனால் பலன் கிடைக்கும்?

விரலுக்குள் தசையே கிடையாது. விரலை மடக்குகிற பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நரம்புநாண் என்கிற கயிறு மணிக்கட்டைத் தாண்டி விரல் நுனிவரை போகிறது. பலமான அடியில் தசைக்குள் ரத்தம் கசிந்து, ஆறும்போது தழும்பாகி, தசை பக்கத்துத் தசையோடும் எலும்போடும் ஒட்டிக்கொள்ளும். கிணற்றுக் கயிறு மேலே எங்கேயோ சிக்கிக்கொண்டால் வாளி இறங்காது. அப்போது வாளியைத் தட்டி என்ன பயன்?

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மடக்குங்கள். மடங்கிய விரல் இப்போது நிமிர்கிறதா? அடுத்து மணிக்கட்டைப் பின்பக்கமாகத் தூக்குங்கள். மறுபடி சுருண்டுகொள்கிறதா? அப்படியானால் விரல் மூட்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது, சிக்கல் முன்கையில். இந்த இரண்டு நிலையையும் போனில் அரை நிமிட வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாகலூரிலிருந்தோ வெள்ளக்கடையிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டு இறங்கி வருகிறவருக்கு, டாக்டரிடம் நீளமாக விளக்குவதைவிட அதைக் காட்டுவது சுலபம்.

இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. அடிபட்ட முதல் சில மணி நேரத்தில் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், முன்கை கல் மாதிரி இறுகினால், விரல் மரத்துப்போனால், வேறொருவர் விரலை நிமிர்த்தும்போது உயிர் போகிற வலி வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்தம் போகாமல் நிற்கிறது. ஏறக்குறைய 6 மணி நேரத்தில் தசை சாக ஆரம்பித்துவிடும். நாடி துடிக்குதே என்று நம்பி இருந்துவிடக் கூடாது, நாடி இருக்கும்போதே இது நடக்கும். மூங்கில் பத்தையோ துணிக்கட்டோ இறுக்கமாக இருந்தால் உடனே தளர்த்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். இறுக்கிக் கட்டுவதால் கை முடங்கிப்போவதை 1881-லேயே ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் எழுதிவிட்டார். இன்றும் நாம் இறுக்கித்தான் கட்டுகிறோம்!

தசை செத்துப்போனால் முழுக்க மீட்பது கடினம். ஆனால் தசை உயிரோடு இருந்து வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்தால் நம்பிக்கைக்கு நிறைய இடம் உண்டு. முதலில் பிசியோதெரபியும், விரலை மெல்ல நிமிர்த்தி வைக்கிற ஸ்பிளிண்டும். அதற்கு மசியாவிட்டால் முன்கையில் அறுவை செய்து ஒட்டலைப் பிரித்துவிடுவார்கள். மறுபடி ஒட்டாமலிருக்க, டாக்டர் சொன்ன நாளிலேயே விரலை அசைக்கத் தொடங்க வேண்டும். "தையல் பிரியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கையைப் பொத்தி வைத்துக்கொள்கிறவர்கள் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறார்கள்.

நம் பக்கத்து மலையான கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு நரம்புநாணை இடம் மாற்றி, மறுபடி வேலை செய்ய வைத்தவர். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. நீங்கள் முதலில் போக வேண்டியது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. தேவைப்பட்டால் அங்கிருந்தே மேலே அனுப்புவார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். இந்த அறுவை அதில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மையத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அல்லது 1800 425 3993-க்குப் பேசுங்கள், கட்டணமில்லை. அறுவைக்குப் பிறகு பயிற்சிக்காகத் தினமும் மலை இறங்க முடியாதவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வருமா என்று உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

சரி, இப்ப எல்லாரும் வலது கையை நீட்டுங்க. மணிக்கட்டை மேலே தூக்கி, விரலை நிமிர்த்துங்க. வராதவங்க கூட்டம் முடிஞ்சதும் கொஞ்சம் இருந்துட்டுப் போங்க.