மருத்துவர் தந்தார், நாம் தந்தோமா?

 

‘திருநங்கையர் வாழ்வு மலரப் பெரிதும் துணை நிற்பது மருத்துவமா, குடும்பமா?’ இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் மருத்துவம், மருத்துவம்னு அடிச்சுப் பேசிட்டுப் போயிட்டார்.

ஐயா, மருத்துவத்தை நான் குறைச்சுச் சொல்லலை. ஒரு காலத்துல இந்த அறுவைக்கு ஊர்விட்டு ஊர் போய் உயிரைப் பணயம் வெச்சாங்க. லிவிங் ஸ்மைல் வித்யா எழுதி 2007இல் வந்த ‘நான் வித்யா’வைப் படிச்சவங்களுக்கு அந்த வேதனை தெரியும். 2008இல் தமிழக அரசு இவங்களுக்கு நலவாரியம் அமைச்சது. அரசு மருத்துவமனையிலேயே இலவச அறுவை சிகிச்சைக்கும் வழி பிறந்தது. நம்ம தாம்பரத்துல மின்சார ரயில் ஏறி, பூங்கா நிலையத்துல இறங்கினா, பக்கத்துலயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை! (கைதட்டல்) எதிரணிக்குச் சேர வேண்டிய கைதட்டலை எனக்குக் கொடுத்துட்டீங்களே! (சிரிப்பு)

ஆனா போறவங்க எதை எதிர்பார்த்துப் போறாங்க? மருத்துவரால எதைத் தர முடியும்? உடலமைப்பை மாத்தித் தருவார். அதனால குரல் மாறாது. அதுக்குத் தனிப் பயிற்சி வேணும். கருப்பை வராது, கருத்தரிக்க முடியாது. ஹார்மோன் மருந்தைத் தொடர்ந்து எடுக்கணும். சிலருக்குச் சிறுநீர்ப்பாதை சுருங்கி மறுபடியும் அறுவை தேவைப்படும். திருநம்பிகளுக்கோ பல கட்டமா நடக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே உட்கார வெச்சுச் சொல்றவர்தான் நல்ல மருத்துவர்.

“அப்போ பின்னாடி வருத்தப்படுவாங்களே?”ன்னு ஒரு அம்மா கேட்கலாம். 2021இல் 27 ஆய்வுகளை ஒண்ணாத் தொகுத்துப் பார்த்தாங்க. மொத்தம் 7,928 பேர். வருந்தினவங்க நூத்துக்கு ஒருத்தர் அளவுதான்! எல்லா ஆய்வும் ஒரே தரம் இல்லைன்னும் சொல்லணும். அந்தச் சிலர் ஏன் வருந்தினாங்க? புதிய பாலினத்தோட இந்தச் சமுதாயத்துல வாழ முடியாத சிரமம் அதுல முக்கியக் காரணம். கத்தி செஞ்ச காயம் ஆறிடுச்சு ஐயா. நாம செஞ்ச காயம்தான் ஆறலை! (பலத்த கைதட்டல்)

அறுவை முடிஞ்சா நாற்பது நாள் ஓய்வு, பத்தியம். அப்புறம் பால் ஊற்றும் சடங்கு. இது அவங்க சமூகத்து வழக்கம். வெந்நீர் வெச்சு, கஞ்சி காய்ச்சி, கூட இருக்கிறது யாரு? தத்தெடுத்த திருநங்கைத் தாய்! பெத்த தாய் எங்கே? சேலையூர்லயும் குரோம்பேட்டையிலயும் ‘வீடு வாடகைக்கு’ன்னு பலகை தொங்குது. இவங்க போய்க் கேட்டா மட்டும் ஆள் வந்தாச்சுங்கறோம். எந்த ஆபரேஷன் தியேட்டர்ல ஐயா வாடகை வீடு கிடைக்கும்?

இன்னொண்ணு. “ஆபரேஷன் பண்ணியாச்சா?”ன்னு கேட்கிறோமே, அது நம்ம வேலையா? பாலின அடையாளத்துக்கு அறுவையை நிபந்தனையாக்கக் கூடாதுன்னு 2014இல் உச்ச நீதிமன்றமே சொல்லிச்சு. வேணும்னு நினைக்கிறவங்க செஞ்சுக்கட்டும். வேண்டாம்னாலும் அவங்க நம்ம பிள்ளைதான்.

தொல்காப்பியர் இவர்களை உயர்திணையில் வைத்தார். அஃறிணையாய் நடத்தினது நாம! இலக்கணத்தைத் திருத்த வேண்டாம், நம்மைத் திருத்திக்குவோம்.

மருத்துவர் தன் பங்கைத் தந்தார். வாசல்ல நிக்கிற பிள்ளையை “வாம்மா, சாப்பிட்டியா?”ன்னு கேட்க வேண்டியது வீடு. ஆகவே, பெரிதும் துணை நிற்பது குடும்பமே எனத் தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன்.