லயத்தை விட்டுப் புறப்படுமுன்



வீடு மாறுவதென்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது லோரிதான். லோரிக்காரரிடம் பேசியாயிற்றா, எவ்வளவு கேட்கின்றார், எத்தனை நடை அடிப்பார் என்றுதான் லயத்தில் எல்லாரும் விசாரிக்கின்றார்கள். கட்டில், அலமாரி, சட்டி பானை எல்லாம் லோரியில் ஏறிவிடும். ஆனால், தாமாக ஏறாத சில பொருள்கள் நமக்கு உண்டு. அவை நம் வீட்டில் இல்லை. தோட்டத்து ஆபீசிலும், பள்ளிக்கூடத்திலும், ஆஸ்பத்திரியிலும் கிடக்கின்றன. இன்று நாம் பேசப்போவது பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான்.

தோட்டத்தில் நம்மை அறியாதவர் இல்லை. நாம் யார் பிள்ளை, எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தோம், எந்த லயத்தில் பிறந்தோம் என்று கிராணிக்குத் தெரியும், தண்டலுக்குத் தெரியும், கோயில் பூசாரிக்கும் தெரியும். பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் எதிர்வீட்டுக்காரருக்கே நம் பெயர் தெரியாது. அங்கே நம்மை யாரென்று சொல்லப்போவது கையிலுள்ள காகிதங்கள் மட்டுமே. தோட்டம் விற்கப்பட்டு, ஆபீசும் பூட்டப்பட்ட பிறகு, "என் தகப்பனார் முப்பது வருடம் இங்கேதான் பால்மரம் வெட்டினார்" என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இது புதிய கதையும் அல்ல. 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்றபோது, எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டின. அந்தத் துயரத்தைக் கண்டுதான் 1960-இல் துன் சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் செலுத்தித் தோட்டங்களை வாங்கினார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த எத்தனையோ பேர் வேலையிழந்து கப்பலேறினார்கள். அவர்களில் பலர் உரிய காலத்தில் குடியுரிமைக்கு மனுச் செய்திருக்கலாம். "நாம் இந்தத் தோட்டத்திலேயே இருக்கின்றோம், நமக்கு எதற்குக் காகிதம்?" என்று இருந்துவிட்டார்கள்.

சரி, தோட்டம் கைமாறப் போகின்றது, வீட்டைக் காலி செய்யவேண்டும் என்ற செய்தி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே பட்டணத்தில் வீடு தேட ஓடுகின்றோம். வீடு கிடைத்ததும் மற்றவர்களுக்கு முன்னே போய்விட வேண்டும் என்று துடிக்கின்றோம். இங்கேதான் நிதானம் வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் முதலாளி நம்மை வேலையிலிருந்து நிறுத்துவதானால், எழுத்து மூலம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். தோட்டம் கைமாறுவதால் நிறுத்தும்போது, வேலை ஒப்பந்தத்தில் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தாலும், இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குட்பட்ட சேவைக்கு 6 வாரம், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 8 வாரம். அதோடு, 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி நட்ட ஈடும் உண்டு. ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்துக்குட்பட்டால் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். தொழிற்சங்க ஒப்பந்தத்தில் இதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தக் கணக்கே செல்லும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமே: 22 ஆண்டு வேலை செய்த ஒரு தாய்க்கு 440 நாள் சம்பளம் வரவேண்டும். நாள் சம்பளத்தைக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரியைக் கொண்டு கணக்கிடுவார்கள். ஆகவே, அந்தப் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகள் வீட்டிலிருக்கும் நகைக்குச் சமம். அவற்றில் கடலை மடித்துவிடாதீர்கள்!

புதிய முதலாளி, தோட்டம் கைமாறிய ஏழு நாளுக்குள் பழைய சலுகைகளுக்குக் குறையாமல் வேலை தருவதாகச் சொன்னால், அப்போது நட்ட ஈடு கிடையாது. பழைய சேவை ஆண்டுகளும் சேர்ந்தே தொடரும். அந்தச் சொல்லையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

நாமாக வேலையை விட்டு விலகினால் இந்த நட்ட ஈடு இல்லை. இதைப் பலர் அறியார். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகன் பட்டணத்தில் வீடு பிடித்துவிட்டான். தகப்பனாரும் ஒரு நல்ல நாள் பார்த்துவிட்டார். ஆபீசில் ஒரு தாளை நீட்டி, "கணக்கு முடிக்க வேண்டும், இங்கே ஒரு கையெழுத்து" என்றார்கள். போட்டுவிட்டார். அந்தத் தாளில், தம் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுவதாக எழுதியிருந்தது. இரண்டு மாதம் கழித்து அடுத்த லயத்துக்காரர்கள் காசோலையோடு புறப்பட்டபோதுதான் பெரியவருக்கு விஷயம் விளங்கியது. அந்தத் தாளை ஓர் இரவு வீட்டுக்குக் கொண்டுவந்து, இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பேத்தியிடம் கொடுத்திருந்தால் அவள் படித்துச் சொல்லியிருப்பாள். படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. சந்தேகமிருந்தால் சங்கத்துத் தலைவரிடமோ, தொழிலாளர் இலாகாவிடமோ கேளுங்கள்.

அடுத்து, வீட்டிலுள்ள காகிதங்கள். எல்லாருடைய அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவுப் பத்திரம், இறந்தவர்களின் மரணப் பத்திரம், சேமநிதிக் கணக்கு, சொக்சோ கடிதங்கள் அனைத்தையும் ஒரு நாள் மாலை பாயில் பரப்பி வைத்துப் பாருங்கள். பெயர்களை ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள். தகப்பனாரின் கார்டில் ஒரு விதமாகவும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் வேறு விதமாகவும் எழுத்து இருக்கும். முனியாண்டி என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கின்றார்கள்! பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளை இருந்தால், தோட்டத்தை விட்டுப் புறப்படும் வரை காத்திருக்கவே கூடாது. அந்தப் பிள்ளை இங்கேதான் பிறந்தது என்று சொல்லக்கூடிய மருத்துவச்சி, டிரெசர், அண்டை வீட்டார், தலைமையாசிரியர் ஆகியோர் இன்று ஒரே இடத்தில் இருக்கின்றார்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் கிள்ளானிலும், ஒருவர் ஜொகூரிலும் இருப்பார்கள். இப்போதே பதிவு இலாகாவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆபீசில் கேட்டு வாங்க வேண்டியது ஒன்றும் உண்டு. எந்த நாள் வேலையில் சேர்ந்தோம், எந்த நாள் வரை வேலை செய்தோம் என்று எழுதிய சேவைக் கடிதம். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. சேமநிதியில் விடுபட்ட மாதங்கள் உண்டா என்பதையும், வாரிசுப் பெயர் கொடுத்திருக்கின்றோமா என்பதையும் அந்த அலுவலகத்திலேயே பார்த்துவிடலாம். கட்டிக்கொள்ளுமுன் தாயின் பெயரை வாரிசாகக் கொடுத்து, அந்தத் தாய் காலமாகியும் மாற்றாமலே விட்டவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு.

இந்தக் காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுத் தாயார் தம் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். லோரியில் ஏற்றவே வேண்டாம். புது வீட்டுக்குப் போன 30 நாளுக்குள் அடையாளக் கார்டில் முகவரியை மாற்ற வேண்டும்.

பிள்ளைகளின் படிப்புக்கு வருவோம். கூடுமானால் பள்ளி ஆண்டின் முடிவில் மாறுவது நல்லது. முடியாவிட்டால், புறப்படும் நாளுக்குச் சில வாரம் முன்பே தலைமையாசிரியரிடம் சொல்லி மாற்றத்துக்கு மனுச் செய்யுங்கள். புது இடத்துக்கு அருகில் தமிழ்ப்பள்ளி எங்கே இருக்கின்றது, பஸ் உண்டா என்று வீடு பார்க்கப் போகும் அன்றே விசாரிக்க வேண்டும். வீட்டை முடிவு செய்துவிட்டுப் பள்ளியைத் தேடுவதால்தான் சில பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து, பிறகு திரும்பப் போவதேயில்லை.

இனிச் செலவுக் கணக்கு. லயத்தில் வாடகை இல்லை, தண்ணீருக்கும் விளக்குக்கும் கொடுத்தது சொற்பம், கீரையும் முருங்கையும் கொல்லையில், விறகு தீம்பாரில். பட்டணத்தில் ஒவ்வொன்றும் காசு. வாடகை, முன்பணம், தண்ணீர், மின்சாரம், கேஸ், பஸ் கட்டணம் என்று எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு வீட்டை முடிவு செய்யுங்கள். நட்ட ஈட்டுப் பணத்தில் புது சோபாவும் பெரிய டெலிவிஷனும் வாங்குமுன், ஆறு மாத வாடகையைத் தனியாக எடுத்து வையுங்கள். கடைப் பற்றையும் மாதச் சீட்டுக் கணக்கையும் புறப்படுமுன் தீர்த்துவிடுவது நம் பெயருக்கு நல்லது.

மாடு வைத்திருப்பவர்கள் கடைசி வாரம் வரை காத்திருக்கக் கூடாது. எல்லாரும் ஒரே வாரத்தில் விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. மாட்டைப் பிரிய மனம் வராது என்பது நமக்குத் தெரியாததல்ல. பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாடு. இருந்தாலும் ஐந்தாம் மாடியில் தொழுவம் கட்ட முடியாதே.

மாடி என்றதும் பெரியவர்கள் நினைவுக்கு வருகின்றார்கள். மலிவு விலை அடுக்குமாடிகள் பலவற்றில் லிப்ட் இல்லை. இருந்தாலும் அடிக்கடி பழுதாகும். முழங்கால் வலியுள்ள பாட்டி நான்காம் மாடிக்குப் போனால், பிறகு கோயிலுக்கும் இறங்கமாட்டார், கிளினிக்குக்கும் இறங்கமாட்டார். வாடகை சற்றுக் கூடினாலும் கீழ்வீடு கிடைக்குமா என்று பாருங்கள். தினமும் மாத்திரை சாப்பிடுகின்றவர்களுக்கு ஒரு மாத மருந்தும், மருந்துச் சீட்டும், கிளினிக் கார்டும் கையில் இருக்கட்டும். குழந்தையின் தடுப்பூசிப் புத்தகமும் அப்படியே. சமூக நல இலாகாவின் உதவித் தொகை வாங்குகின்றவர்கள் இடம் மாறுவதை அந்த அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சாமான் கட்டுவது நம் பெண்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கனமானவை அடியில், கண்ணாடி துணிக்குள். கேஸ் தோம்பை வால்வை மூடி, நிமிர்த்தியே வைக்க வேண்டும். அரிசி, அடுப்பு, ஒரு சட்டி, பாய், மாற்றுத் துணி இவை கடைசியில் ஏறினால்தான் முதலில் இறங்கும். பிள்ளைகளைச் சாமான் மேல் உட்கார வைத்து அனுப்ப வேண்டாம். ஆட்டுக்கல்லை எடுத்துப் போவதா என்று வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும். நாங்கள் அதில் தலையிடவில்லை.

புறப்படும் நாளுக்கு முன்பே ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நம் லயத்தை ஒரு முறை சுற்றி வாருங்கள். யார் எங்கே போகின்றார்கள், முகவரி என்ன, போன் எண் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். பேரப் பிள்ளையின் பத்திரத்துக்கோ, நட்ட ஈட்டு வழக்குக்கோ ஒரு நாள் சாட்சி தேவைப்பட்டால், அந்த நோட்டைப் பார்த்துத்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.