உப்பு நீர் சூழ்ந்த ஊரும் உன்னிச்சைக் குளமும்

மட்டக்களப்பு நகரின் பழம்பகுதி புளியந்தீவு ஆகும். பெயருக்கேற்ப அது ஒரு சிறு தீவே. சுற்றிலும் வாவி, கிழக்கே கல்லடி, அதற்கும் அப்பால் வங்கக் கடல். காணுமிடமெங்கும் நீர் உண்டு. ஆயின் அது உவர் நீர்.

இவ்வூரின் வரலாற்றை எழுதுவோர் கோட்டையிலிருந்தே தொடங்குவது வழக்கம். 1602 இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் இக்கரையில் நங்கூரமிட்டான். 1628 இல் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பினர். 1638 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கூடிய ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். கொடிகள் மாறின, கோட்டை நின்றது.

எனினும், கோட்டைக்குள் இருந்தவன் எவனாயினும் அவனுக்குச் சோறு வேண்டுமன்றோ? அச்சோறு வாவிக்கு மேற்கேயிருந்து வந்தது. சூரியன் எழும் திசைக் கரையை எழுவான்கரை என்றும், அது படும் திசைக் கரையைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பு மக்கள் அழைப்பர். எழுவான்கரையில் மீனும் தென்னையும். படுவான்கரையில் நெல்லும் பாலும் தயிரும். இரு கரைகளையும் இணைத்தது தோணி. 1924 இல் கல்லடிப் பாலமும், 1928 இல் புகையிரதமும் வந்த பின்னரே இவ்வூரின் தனிமை தளர்ந்தது.

படுவான்கரையின் பெருங்குளங்களுள் ஒன்று உன்னிச்சை. வயலுக்கு நீர் தருவதே அதன் பழந்தொழில். எழுவான்கரையிலோ மணற்கிணறுகளே தாகம் தீர்த்தன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து, எண்ணற்ற உயிர்களைக் கொண்டு சென்றதோடு, கரையோரக் கிணறுகளையும் உப்பாக்கிச் சென்றது. உப்பு நீர் புகுந்த கிணற்றின் அருமையை, அதனை இழந்தவரே அறிவர். இன்று உன்னிச்சை நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியே வாவியைக் கடந்து எழுவான்கரை இல்லங்களைச் சென்றடைகிறது. முன்னர் நெல் கடந்த வழியில் இப்போது நீரும் கடக்கிறது.

ஆனால் குளம் ஒன்றே. அதனை நோக்கி நிற்கும் கைகள் இரண்டு. வடகீழ்ப் பருவமழை பொய்க்கும் ஆண்டில், சிறுபோக வயலும் நகரத்துக் குடமும் ஒரே நீருக்காகக் காத்திருக்கும். அப்போது உழவனுக்குரிய பங்கைக் குறைத்து நகரம் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளுமாயின், அது தன் சோற்றையே குறைத்துக்கொள்வதாகும். நீரைச் சிக்கனமாகச் செலவிடுதலும், குளத்தையும் அதன் நீரேந்து காட்டையும் பேணுதலும் இரு கரையாருக்கும் பொதுக்கடன்.

கோட்டையைக் காண வருவோர் அதன் மதிலில் நின்று கடலை நோக்குவர். அவர்கள் சற்றே திரும்பி மேற்கையும் நோக்குதல் நன்று. இவ்வூரைக் கைப்பற்றியவர்கள் கடல்வழி வந்தனர். இவ்வூரை வாழவைத்தவர்களோ படுவான்கரையில் இருந்தனர்.