குலை நோயை வெல்லும் நெல்
(தாம்பரம் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ரயில்வேத் தொழிலாளர் நிறைந்த இந்த ஊரில் நெல்லைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். மாடம்பாக்கம், வேங்கைவாசல் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் மனைகளாகி வருகின்றன. எஞ்சிய வயலில் ஒரு கதிர் பதரானாலும் அது உழுபவனுக்கும் நஷ்டம், அரிசி வாங்கும் நமக்கும் நஷ்டம்.

குலை நோய் என்பது ஒரு பூஞ்சணம். பனி கொட்டும் இரவில் அதன் வித்து காற்றில் வந்து ஈர இலையில் முளைக்கிறது. கண் வடிவப் புள்ளி விழுகிறது. கதிரின் கழுத்தைத் தாக்கினால் கழுத்து கறுத்து ஒடிகிறது, மணி பதராகிறது. 1919ல் தஞ்சை டெல்டா இந்த நோயால் பெரும் சேதம் கண்டது.

1912ல் கோவையில் தொடங்கிய சர்க்கார் நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு வழி தேடியது. ஆனைக்கொம்பன் எனும் கோ 4 ரகம் நோயைத் தாங்கி நின்றது. ஆடுதுறை 10 நோய்க்கு இரையாகும் ரகம். இரண்டையும் கலந்து கோ 25 உருவாயிற்று. கலப்பது லேசான காரியமல்ல. பூ விரியுமுன் அதன் ஆறு மகரந்தப் பைகளையும் அகற்றி, வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். பிறகு பல தலைமுறை விதைத்து, நோய்க்கு நடுவே பிழைத்த செடிகளைப் பொறுக்க வேண்டும். விஞ்ஞானியின் அறிவோடு, சேற்றில் குனிந்து நட்ட கூலித் தொழிலாளியின் உழைப்பும் அந்த விதையில் இருக்கிறது.

ஆனால் பூஞ்சணமும் சும்மா இருப்பதில்லை. புதுப்புது இனமாக மாறுகிறது. நேற்று தாங்கிய ரகம் நாளை விழும். ஆகவே ஒரே ரகத்தில் பல எதிர்ப்பு ஜீன்களைச் சேர்க்க விஞ்ஞானிகள் உழைக்கிறார்கள். இது முடிவில்லாத வேலை. லாபக் கணக்குப் பார்ப்பவன் இதில் நிலைத்து நிற்பானா? பொதுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி நிலையங்களே நிற்கும். அவற்றுக்குப் பணமும் ஆளும் குறையாமல் பார்ப்பது சர்க்காரின் கடமை.

2001ம் ஆண்டுச் சட்டப்படி, விளைந்த நெல்லை விதையாகச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், பரிமாறவும் விவசாயிக்கு உரிமை உண்டு. இதை நாம் விட்டுக்கொடுக்கலாகாது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. யூரியாவை அளவுக்கு மீறிக் கொட்டினால் குலை நோயை நாமே அழைக்கிறோம். நோய் கண்ட வயலின் நெல்லை விதைக்கு எடுக்கக் கூடாது. திருவள்ளூர் அருகே திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள ரகங்களை நம் ஏரிப் பாசன வயல்களிலும் சோதித்துக் காட்டும்படி கூட்டாகக் கோருவோம்.

விதை மக்கள் உழைப்பில் பிறந்தது. அது மக்கள் கையிலேயே இருக்கட்டும்!