கச்சேரி அழைப்பும் நம் பதிலும்

(அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





அடுத்த மாதம் நம் ஊரில் சமய நல்லிணக்கத்துக்காக ஒரு கர்நாடக இசைக் கச்சேரி நடக்க இருக்கிறது. கோயில் தர்மகர்த்தாவும் சர்ச் பாதிரியாரும் நம் அலுவலகத்துக்கு நேரில் வந்து, வரவேற்புக் குழுவில் நாமும் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். நிர்வாகக் குழு கூடி மஷூரா செய்து ஒப்புக்கொண்டோம். அதிலிருந்து உங்களில் பலர் எங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டு வருகிறீர்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது எங்கள் பொறுப்பு.

முதல் கேள்வி, இசை மார்க்கத்தில் கூடுமா என்பது. இசைக்கருவிகள் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பாலோர் கண்டிப்பாகவே பேசியிருக்கிறார்கள். பெருநாள் அன்று இரு சிறுமியர் தஃப் அடித்துப் பாடியபோது, தடுக்க முனைந்த அபூபக்ர் (ரழி) அவர்களிடம், விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதன் எல்லை எது என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபத்வா கொடுப்பது இந்த அறக்கட்டளையின் வேலை அல்ல. மனம் ஒப்பாதவர் கச்சேரிக்கு வர வேண்டியதில்லை. வராதவரை வந்தவரும், வந்தவரை வராதவரும் குறை பேச வேண்டாம்.

இரண்டாவது, பணம் யாருடையது? ஜகாத் பெறத் தகுதியானவர்கள் எட்டு வகையினர் என்று திருக்குர்ஆன் 9:60 வரையறுத்துவிட்டது. அந்த நிதியிலிருந்து இதற்கு ஒரு பைசாவும் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டோம். வாசலில் தண்ணீரும் சுக்கு காப்பியும் கொடுப்பது நம் பங்கு. அந்தச் செலவை நிர்வாகிகள் தம் கைப்பணத்தில் ஏற்கிறோம்.

மூன்றாவது, இதனால் என்ன பயன்? சென்ற ஆண்டு கைப்பேசியில் பரவிய ஒரு பொய்ச் செய்தியால் நம் கடைவீதி இரண்டு நாள் மூடிக் கிடந்தது நினைவிருக்கும். அன்றாடம் கூலி வாங்கிச் சாப்பிடுபவர்கள் எல்லாச் சமயத்திலும் இருந்தார்கள். எல்லோருக்கும்தான் அடுப்பு எரியவில்லை. அந்த இரவில், இது உண்மையா என்று விசாரிக்க அந்தத் தெருப் பெரியவர் ஒருவரின் தொலைபேசி எண்கூட நம்மிடம் இல்லை. நம் எண் அவர்களிடமும் இல்லை. இந்தக் கச்சேரிக்காக நான்கு முறை ஒன்றாக உட்கார்ந்துவிட்டோம். இன்று அந்த எண்கள் இருக்கின்றன. மஃரிபுக்குப் பிறகு தொடங்கி, இஷா பாங்கின்போது இடைவேளை விடலாம் என்று நாம் கேட்கும் முன்பே அவர்கள் சொன்னார்கள். பாட்டு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்தப் பழக்கம் முடியக் கூடாது.

இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். ஆந்திராவில் கரவதி கிராமத்தில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, நாச்சியார்கோயிலில் நாதஸ்வரம் பயின்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியிருந்தார். 1998இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. அவர் வாசிப்பை ரசித்தவர்கள் அவர் பெயரைப் பார்த்து எழுந்து போகவில்லை.

நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவக் குழுவினர் மதீனாப் பள்ளிவாசலிலேயே தங்கள் வழிபாட்டைச் செய்ய நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததாக சீரா நூல்கள் சொல்கின்றன. அதனால் எவருடைய ஈமானும் குறைந்துவிடவில்லை. விருந்தினரை மதித்த அந்த வழியில் வந்த நாம், அண்டை வீட்டார் வாசல் தேடி வந்து அழைக்கும்போது முகத்தைத் திருப்பலாமா?

எனவே உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உள்ளே அமர்ந்து கேட்க விரும்பாதவர்களும் வாசல் பந்தலுக்கு வாருங்கள். தண்ணீர் கொடுக்கக் கைகள் வேண்டும். வாங்கிக் குடிப்பவரிடம் பெயர் கேளுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் ஊரில் அமைதியை நிலைக்கச் செய்வானாக. நம் அண்டை வீட்டாருக்கு நம்மால் தீங்கு வராமலும், அவர்களால் நமக்குத் தீங்கு வராமலும் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.