கறிவேப்பிலைச் செடியும் முதல் புத்தகமும்

 

பள்ளி செல்லுமுன்னரே பிள்ளைகளுக்கு எழுத்தைப் புகட்டிவிட நாம் விரைகிறோம். ஆனால், பொருள் அறியாத எழுத்து நெஞ்சில் நிற்பதில்லை. முதலில் கண்ணால் காண வேண்டும். பிறகு வாயால் சொல்ல வேண்டும். அதன் பின்னரே எழுத்து.

நம் கொல்லையிலுள்ள கறிவேப்பிலைச் செடியையே எடுத்துக்கொள்வோம். அதில் இலை தின்னும் புழுவைக் கண்டதும் நசுக்குவது வழக்கம். முதலில் பறவை எச்சம்போல் தோன்றும் அப்புழு, பின்னர்ப் பச்சை நிறம் பெற்று, கூட்டுப்புழுவாகி, சில வாரங்களில் வண்ணத்துப்பூச்சியாய்ப் பறக்கும். ஒரு கிளையை அதற்கென விட்டுவைப்போம். பிள்ளை நாள்தோறும் கண்டதைச் சொல்லட்டும். அச்சொற்களையே பெரிய எழுத்தில் எழுதி, விரல் வைத்து வாசித்துக் காட்டுவோம். அதுவே அப்பிள்ளையின் முதல் புத்தகம்.

இரவில் 10 நிமிடம் தொலைக்காட்சியை நிறுத்தி, பிள்ளையை மடியில் அமர்த்திக் கதை வாசிப்போம். செலவில்லாத இப்பணியை நம் இல்லந்தோறும் தொடங்குவோமாக!